ஜப்பானியத் தொடர்கள்: எங்கே தொடங்குவது, கிளைத்தொடரை எப்போது தொடுவது

ஜப்பானியத் தொடர் ஒன்று பார்க்கலாம் என்று உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மலைத்து நிற்கிறார்கள். ஒரு பெயரைத் தேடினால் அதே பெயரில் ஐந்தாறு வந்து விழுகின்றன. ஒன்று தொடர், ஒன்று ‘ஸ்பெஷல்’, இரண்டு திரைப்படம், அப்புறம் கதையில் எங்கோ ஓரத்தில் வந்துபோன ஒருவரை நாயகனாக்கித் தனியாக ஒன்று. எதை முதலில் பார்ப்பது, எதை விட்டாலும் பரவாயில்லை என்று சொல்ல ஆளில்லை. பலர் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். அந்தக் குழப்பத்துக்குப் பின்னால் இருப்பது மிக எளிய ஒழுங்கு. அதைத் தெரிந்துகொண்டால் அரை மணி நேரத்தில் நீங்களே வழி கண்டுபிடித்துவிடுவீர்கள்.

ஸ்பின்-ஆஃப் என்று ஜப்பானியர்களும் சொல்லும் வகையை இங்கே கிளைத்தொடர் என்று எழுதுகிறேன். நமக்குப் புதிய யோசனை அல்ல அது. சிலப்பதிகாரத்தில் சிறு குழந்தையாக வரும் மணிமேகலைக்குத் தனிக் காப்பியமே எழுந்ததே, அந்த மாதிரி. ஆனால் எல்லாக் கிளையும் அந்த உயரத்துக்குப் போவதில்லை. எதைப் பார்க்கலாம், எதை விடலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: மூலத்தொடரை முடித்த பிறகு அந்த ஆளை மறுபடி பார்க்க மாட்டோமா என்று மனம் ஏங்குகிறதா? ஏங்கினால் போங்கள். இல்லையென்றால் அதை விட்டுவிட்டு வேறு நல்ல தொடரைத் தொடங்குங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஏக்கத்தைப் பற்றித்தான்.

முதலில் மூன்று மாதக் கணக்கு

ஜப்பானில் ஆண்டை நான்கு பருவமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய மாதங்களில் புதிய தொடர்கள் தொடங்கும். வாரம் ஒரு அத்தியாயம், மொத்தம் பத்து அல்லது பதினொன்று. மூன்று மாதத்தில் கதை முடிந்துவிடும். இந்தப் பருவத்தை ‘கூர்’ என்கிறார்கள். விளம்பரத்தைக் கழித்தால் ஒரு அத்தியாயம் முக்கால் மணி நேரம்தான். முதல் அத்தியாயமும் கடைசி அத்தியாயமும் மட்டும் பத்துப் பதினைந்து நிமிடம் நீளலாம்.

ஆண்டுக்கணக்கில் ஓடும் நெடுந்தொடர்களுக்குப் பழகியவர்களுக்கு இதுதான் முதல் ஆச்சரியம். ஒரு வார இறுதியில் தொடங்கி அடுத்த வார இறுதிக்குள் ஒரு முழுக் கதையைப் பார்த்து முடித்துவிடலாம். கிளைத்தொடர்கள் பெருகியதற்கும் இந்தச் சுருக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். நடிகர்களின் நாட்களும் ஒளிபரப்பு நேரமும் ஒரு பருவத்துக்குத்தான் கட்டுப்பட்டவை. தொடர் எவ்வளவு பிடித்துப்போனாலும் பன்னிரண்டாவது வாரம் அந்த இடத்தில் வேறு கதை வந்தாக வேண்டும். மக்களின் ஆசை மிச்சமிருக்கும், நேரம் மிச்சமிருக்காது. அந்த ஆசைக்குக் கொடுக்கும் பதில்தான் ஸ்பெஷலும் திரைப்படமும் கிளைத்தொடரும்.

அடுத்தது ஒளிபரப்பு நேரம். இதைத் தெரிந்துகொண்டால் தொடரின் குணம் பாதி தெரிந்த மாதிரி. ஃபுஜி டிவியின் திங்கள் இரவு 9 மணிக்குக் ‘கெட்சுகு’ என்றே பெயர், திங்களையும் ஒன்பதையும் சேர்த்த சொல் அது. காதல் கதைகளால் புகழ்பெற்ற நேரம். பிறகு வழக்கறிஞர், மருத்துவர் கதைகளும் அங்கே வந்தன. டிபிஎஸ் சேனலின் ஞாயிறு இரவு 9 மணி, மறுநாள் வேலைக்குப் போகிறவர்களின் ரத்தத்தைச் சூடேற்றும் கதைகளுக்கானது. வங்கிக்குள் நடக்கும் பழிவாங்கலைச் சொன்ன ‘ஹன்சாவா நாவோகி’ அங்கேதான் வந்தது. 2013இல் அதன் கடைசி அத்தியாயத்தை டோக்கியோ வட்டாரத்தில் 42.2 சதவீத வீடுகளில் பார்த்தார்கள். நள்ளிரவை ஒட்டிய நேரம் சின்ன, அமைதியான, துணிச்சலான தொடர்களுக்கு. டிவி டோக்கியோ அதில் கெட்டிக்காரச் சேனல்.

பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேவின் கணக்கு தனி. காலையில் 15 நிமிடம் வரும் ‘அசாதோரா’ பொதுவாக ஆறு மாதம் ஓடும். 1961இலிருந்து இந்தக் காலைத் தொடர் வரிசை இருக்கிறது. ஞாயிறு இரவு வரும் ‘தைகா’ ஒரு வருடம் முழுக்க ஓடும் வரலாற்றுத் தொடர், 1963இல் தொடங்கியது. அசாதோராவிலேயே பெரிதாகப் பேசப்பட்டது 1983-84இல் ஒரு வருடம் ஓடிய ‘ஓஷின்’. 297 அத்தியாயங்கள், சராசரியாக 52.6 சதவீதப் பார்வையாளர்கள். 60க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது, இலங்கையில் ரூபவாஹினியிலும் வந்தது. அந்தத் தலைமுறை இலங்கைக்காரர்கள் வீட்டில் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஒரு மூட்டை அரிசிக்காக ஏழு வயதுப் பெண்ணை வேலைக்கு அனுப்புகிறார்கள். பனிக்காலத்து ஆற்றில் தெப்பம் நகர்கிறது, கரையில் தாய் கதறுகிறாள். பார்த்தவர்கள் அந்தக் காட்சியை மறப்பதில்லை. இருந்தாலும் புதிதாக வருகிறவர்கள் ஓஷினிலோ தைகாவிலோ தொடங்க வேண்டாம் என்பேன். நீளம் அதிகம், அந்த நீளத்துக்குப் பொறுமை பழக வேண்டும்.

எதில் தொடங்குவது

என் முதல் பரிந்துரை எப்போதும் ‘மிட்நைட் டைனர்’தான். ஜப்பானியப் பெயர் ‘ஷின்யா ஷொகுடோ’. டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் ஒரு சந்துக்குள் இருக்கும் சின்னச் சாப்பாட்டுக்கடை. நள்ளிரவு 12 மணிக்குத் திறந்து காலை 7 மணி வாக்கில் மூடுவார்கள். சுவரில் எழுதியிருக்கும் உணவு பன்றிக்கறி சேர்த்த மிசோ சூப் சாப்பாடு ஒன்றுதான், மற்றதெல்லாம் மது வகை. அதுவும் ஒருவருக்கு மூன்றுக்கு மேல் கிடையாது. ஆனால் நீங்கள் எதைக் கேட்டாலும், கையில் பொருள் இருந்தால், மாஸ்டர் செய்து தருவார். ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு உணவு, அதைக் கேட்டு வரும் ஒரு மனிதர், அவருடைய ஒரு காயம். இருபத்தைந்து நிமிடம்கூட ஆகாது.

மாஸ்டராக வரும் கொபயாஷி கவோருவின் கண்ணருகே ஒரு வெட்டுத்தழும்பு இருக்கிறது. எப்படி வந்தது என்று தொடர் சொல்வதில்லை. வாடிக்கையாளர்களும் கேட்பதில்லை. இந்த மௌனத்தை ரசிக்க முடிந்தால் ஜப்பானியத் தொடர் உங்களுக்குப் பிடிக்கும் என்று தைரியமாகச் சொல்வேன். 2009இல் தொலைக்காட்சியில் தொடங்கிய இது, 2016இலும் 2019இலும் ‘டோக்கியோ ஸ்டோரீஸ்’ என்ற பெயரில் நெட்ஃப்ளிக்ஸில் தொடர்ந்தது. அந்தப் பெயரில் வருவது உண்மையில் நான்காவது, ஐந்தாவது சுற்று. கவலை வேண்டாம், ஒவ்வொரு அத்தியாயமும் தனிக்கதை, எங்கே வேண்டுமானாலும் நுழையலாம். வழக்கமாக வந்து உட்காரும் முகங்கள் நான்கைந்து இரவில் பழகிவிடும்.

இரண்டாவதாக, பத்து அத்தியாயத்தில் முழுவதுமாகக் கட்டிய ஒரு கதை. அதற்கு 2018இல் டிபிஎஸ்ஸில் வந்த ‘அன்நேச்சுரல்’. ஜப்பானில் இயற்கைக்கு மாறான சாவுகளில் பெரும்பாலானவை பிரேதப் பரிசோதனை இல்லாமலே முடிந்துபோகின்றன. அந்த உண்மையிலிருந்து எழுத்தாளர் நோகி அகிகோ ஒரு கற்பனை ஆய்வகத்தை உருவாக்கினார். இஷிஹாரா சதோமி நடிக்கும் மருத்துவர் மிசுமி மிகோதோ, பிணத்தை அறுத்து உண்மையைத் தேடுகிறவர், அதே நேரம் வயிறு நிறையச் சாப்பிடுகிறவர். உயிரோடு இருப்பவர்கள் சாப்பிட்டாக வேண்டும் என்பதை இந்தத் தொடர் எங்கேயும் மறப்பதில்லை. ஒவ்வொரு சாவுக்கும் பின்னால் ‘இவர் எப்படி வாழ்ந்தார்’ என்று கேட்கும் குற்றக்கதைகள் குறைவு. இது அப்படிக் கேட்கிறது.

கிளைகளில் எத்தனை வகை

இந்த இரண்டையும் பார்த்து முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது கிளைகளை அடையாளம் காணப் பழகலாம்.

‘எஸ்பி’ என்று போட்டிருந்தால் அது ஒரே இரவில் ஒளிபரப்பான சிறப்பு அத்தியாயம். அதே நாயகன், அதே கூட்டம், இரண்டு மணி நேரம். இது கிளை அல்ல, மூலத்தின் நீட்சி. வெளிவந்த வரிசையில் பார்த்தால் போதும். கிமுரா தகுயா அரசு வழக்கறிஞராக நடித்த ‘ஹீரோ’ நல்ல எடுத்துக்காட்டு. 2001இல் தொடர், 2006இல் எஸ்பி, 2007இல் படம், 2014இல் இரண்டாம் தொடர், 2015இல் மறுபடி படம். ஆண்டைப் பார்த்து அடுக்கினாலே வேலை முடிந்தது.

உண்மையான கிளை என்பது நாயகனை விலக்கிவிட்டுப் பக்கத்தில் நின்றவரை நடுவில் நிறுத்துவது. ‘டாக்டர் எக்ஸ்’ என்று டிவி அசாஹியில் 2012இல் தொடங்கிய மருத்துவமனைத் தொடர் ஒன்று உண்டு. எந்த மருத்துவமனையிலும் நிரந்தரமாகச் சேராத அறுவை மருத்துவராக யோனெகுரா ரியோகோ நடிப்பார். அறுவை முடிந்ததும் அவருடைய முகவர் ஒரு முலாம்பழத்தையும் பில்லையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைத் தலைவரின் அறைக்கு வருவார். தொகையைப் பார்த்துத் தலைவரின் முகம் மாறும், முகவர் துள்ளிக்கொண்டு வெளியே போவார். ஒவ்வொரு வாரமும் இது உண்டு, ஒவ்வொரு வாரமும் சலிக்காது. அதே தொடரில் பணத்தின்மேல் ஆசை கொண்ட காஜி ஹிதெகி என்ற மருத்துவர் வருவார். 2016இல் அவருக்கு ‘டாக்டர் ஒய்’ என்று தனிக் கிளை கொடுத்தார்கள். பார்க்கலாம், பொழுது நன்றாகப் போகும். ஆனால் எனக்கு ஏக்கம் வந்தது அந்த முலாம்பழக்காரர்மேல்தான். காஜி மூலத்தொடரிலேயே முழுசாகச் சொல்லி முடிக்கப்பட்டவர். கிளையில் புதிதாகத் தெரிந்துகொள்ள எனக்கு அதிகம் கிடைக்கவில்லை.

மூன்றாவது வகையில்தான் புதியவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள்: தொலைக்காட்சியில் மூலம், கட்டணத் தளத்தில் கிளை. 2019இல் நிப்பான் டிவியில் 20 அத்தியாயமாக வந்த கொலை மர்மம் ‘அனாதா நோ பான் தெசு’. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒவ்வொருவராகச் சாகும் கதை. அதில் குடியிருப்பவர்களை ஒவ்வொருவராக எடுத்துச் சொல்லும் ‘கதவுக்கு அப்பால்’ என்ற கிளை, ஜப்பானின் ஹுலு தளத்தில் மட்டும் வந்தது. வெளிநாட்டில் இருக்கும் நமக்கு அது எட்டாது. எட்டாததை நினைத்து மூலத்தையும் விட்டுவிடாதீர்கள். தொலைக்காட்சியில் வந்ததை மட்டும் பார்த்தாலும் அந்தக் கதையின் பதற்றம் குறையாது. பொதுவாகவே, மூலத்தின் விடையைக் கிளைக்குள் ஒளித்து வைப்பது நியாயமில்லை என்பது என் கருத்து. விடை மூலத்தில் இருக்க வேண்டும். கிளை தருவது அந்த மனிதர்களோடு இன்னும் கொஞ்ச நேரமாக இருந்தால் போதும்.

நான்காவது, அதே நடிகர்கள், அதே பெயர்கள், ஆனால் வேறு உலகம். ‘ஓஸ்ஸான்ஸ் லவ்’ 2018இல் அலுவலகத்தில் நடக்கும் ஆண்களின் காதல் கதையாகப் பெரும் அன்பைச் சம்பாதித்தது. 2019இல் வந்த அடுத்த தொடரில் அதே நாயகன் விமான நிறுவனத்தில் வேலை பார்க்கிறான், முதல் தொடரில் அவன் நேசித்தவன் அங்கே இல்லவே இல்லை. முதல் கதையை மனதில் சுமந்திருந்த ரசிகர்களுக்கு அது வலித்தது. அந்த வலியை நான் புரிந்துகொள்கிறேன். பெயரும் முகமும் மட்டும் ஒரு பாத்திரம் ஆகிவிடாது, அவர் யாரோடு வாழ்ந்தார் என்பதும் சேர்ந்துதான் பாத்திரம். 2024இல் பழைய ஜோடியோடு முதல் கதையைத் தொடர்ந்தார்கள். புதிதாகப் பார்க்கிறவர்கள் 2018இலிருந்து நேராக 2024க்குப் போகலாம்.

ஐந்தாவது வகைதான் எனக்கு மிகப் பிடித்தது. வேறு வேறு கதைகள், ஒரே உலகம். ‘அன்நேச்சுரல்’ எழுதிய நோகி அகிகோ, இயக்குநர் த்சுகஹாரா அயுகோ, தயாரிப்பாளர் அராய் ஜுன்கோ மூவரும் 2020இல் ‘எம்ஐயு 404’ என்ற போலீஸ் தொடரைக் கொடுத்தார்கள். அயானோ கோவும் ஹோஷினோ கென்னும் ரோந்துக் காவலர்கள். முதல் அத்தியாயத்திலேயே கார் நொறுங்கிவிட, மெலன் பன் விற்கும் வண்டி மாதிரி வேஷம் போட்ட வேன் ஒன்று அவர்கள் தலையில் விழுகிறது. குற்றவாளியைத் துரத்தும் வேனிடம் வந்து பன் கேட்கிறார்கள் மக்கள். இந்தக் கதைக்கும் பிரேதப் பரிசோதனை ஆய்வகத்துக்கும் தொடர்பில்லை என்று நினைக்கும்போதே அன்நேச்சுரலில் பார்த்த துப்பறிவாளர் மோரி சாதாரணமாக நுழைவார். எந்த அறிவிப்பும் இருக்காது. பிறகு 2024 ஆகஸ்டில் ‘லாஸ்ட் மைல்’ திரைப்படம். இணையக் கடையின் பிரம்மாண்டக் கிடங்கிலிருந்து போகும் பொட்டலங்கள் வெடிக்கின்றன. கதை கிடங்கு ஊழியர்களுடையது, வண்டி ஓட்டி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்களுடையது. குண்டு வெடித்தால் போலீஸ் வர வேண்டும், ஆள் செத்தால் ஆய்வகம் வர வேண்டும், அவ்வளவு இயல்பாக இரண்டு தொடர்களின் மனிதர்களும் உள்ளே வருகிறார்கள். பார்க்காதவர்களுக்கும் படம் புரியும். பார்த்தவர்களுக்கு, ஊருக்குப் போன இடத்தில் பழைய தெருக்காரரைப் பார்த்த சந்தோஷம்.

ஒரு பெரிய குடும்பத்தை வரிசையாகப் பார்ப்பது: ஒடோரு

கிளைகளைப் பற்றிப் பேசினால் ‘ஒடோரு தைசோசாசென்’ இல்லாமல் முடியாது. வெளிநாடுகளில் ‘பேசைட் ஷேக்டவுன்’ என்ற பெயரில் தேடுங்கள். ஃபுஜி டிவியில் 1997 ஜனவரி முதல் மார்ச் வரை 11 அத்தியாயங்கள் வந்தன. கணினி விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவர் வேலையை விட்டுவிட்டுப் போலீஸில் சேருகிறார், பெயர் அவோஷிமா, நடித்தவர் ஒதா யூஜி. போலீஸ் என்றால் துப்பாக்கியும் துரத்தலும் என்று நினைத்து வருகிறவரை வரவேற்பது படிவங்களும், ரசீதுகளும், மேலிடத்திலிருந்து வருகிறவர்களுக்குச் சாப்பாட்டுப் பெட்டி ஏற்பாடு செய்யும் வேலையும்தான். தலைமையகத்தைத் ‘தலைமைக் கடை’ என்கிறார்கள். போலீஸை ஒரு அலுவலகமாகக் காட்டியதுதான் இந்தத் தொடரின் பெரிய சாதனை.

தலைமையகத்திலிருந்து வருகிறவர் முரோயி ஷின்ஜி, நடித்தவர் யானாகிபா தோஷிரோ. புருவத்துக்கு நடுவே எப்போதும் ஒரு மடிப்பு. மேல்தட்டு அதிகாரிகள் டோக்கியோ பல்கலைக்கழகத்துக்காரர்களாக இருக்கும் இடத்தில் இவர் வடக்கே தோஹோகு பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தவர். அந்தக் கூட்டத்தில் சேர்ந்தும் சேராதவர். பச்சைக் கோட்டுப் போட்ட அவோஷிமா களத்தில் நிற்பது, முரோயி மேலே ஏறி அமைப்பையே மாற்றுவது என்று இருவருக்கும் நடுவில் ஒரு வாக்கு உருவாகிறது. பதினோரு அத்தியாயத்தின் முதுகெலும்பு அதுதான்.

1998இல் முதல் படம், 2003இல் இரண்டாம் படம். அந்த இரண்டாம் படம் 1,735 கோடி யென் வசூலித்தது. 2025இல் ‘கொகுஹோ’ முந்தும்வரை, மனிதர்கள் நடித்த ஜப்பானியப் படங்களில் 22 ஆண்டுகள் அதுவே முதலிடம். அதன் சூட்டோடு 2005இல் இரண்டு கிளைப் படங்கள் வந்தன. ஒன்று, தொடரில் மேலதிகாரியின் மகனாக வந்து எல்லோரிடமும் கேலி வாங்கிய மஷிதாவை நாயகனாக்கிய ‘பேச்சுவார்த்தையாளர் மஷிதா மசயோஷி’. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், டோக்கியோவின் சுரங்க ரயில் பாதையில் கட்டுப்பாடில்லாமல் ஓடும் ஒரு ரயில். இன்னொன்று முரோயியே கைதாகும் ‘சந்தேக நபர் முரோயி ஷின்ஜி’.

இந்தக் குடும்பத்துக்குள் நான் நுழைந்தது அந்தக் கடைசிப் படத்தின் வழியாக. மூலத்தைப் பார்க்காமல். ஒரு மனிதர் படம் முழுக்க வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், எல்லோரும் அவரைப் பார்த்து உருகுகிறார்கள், ஏன் என்று தெரியவில்லை. சில வருடம் கழித்துத் தொடரைப் பார்த்த பிறகு அதே படத்தை மறுபடி போட்டேன். அதே மௌனம், இந்த முறை தாங்க முடியவில்லை. அவர் யாருக்குக் கொடுத்த வாக்குக்காக வாயை மூடியிருக்கிறார் என்று இப்போது எனக்குத் தெரியும் அல்லவா? அதனால்தான் வரிசையை இவ்வளவு வற்புறுத்துகிறேன். 11 அத்தியாயம், 1998 படம், 2003 படம், பிறகு 2005இன் இரண்டு கிளைகள். அவசரமாக ரசிக்க ஒன்று வேண்டுமென்றால் மஷிதா. மனதில் தங்க வேண்டுமென்றால் முரோயி. 2010, 2012இல் வந்த அடுத்த இரண்டு முதன்மைப் படங்களை, பழைய கூட்டத்தைப் பிரிய மனமில்லாதவர்கள் பார்க்கலாம்.

இருபது வருடம் ஓடும் தொடரில் எப்படி ஏறுவது

டிவி அசாஹியின் ‘அய்போ’ 2000இல் ஒரு சிறப்பு நாடகமாக வந்து, 2002 அக்டோபரிலிருந்து சுற்றுச் சுற்றாக நடந்துகொண்டிருக்கிறது. இது மூன்று மாத வழக்கத்துக்கு விலக்கு, அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை போகும். மிசுதானி யுதாகா நடிக்கும் சுகிஷிதா உக்யோ மூளைக்காரத் துப்பறிவாளர். மேலிடத்துக்குப் பிடிக்காமல் ஒரு மூலை அறைக்குத் தள்ளப்பட்டவர். தேநீர் ஊற்றும்போது கெண்டியைத் தலைக்கு மேலே தூக்கி, நம் டீக்கடை மாஸ்டர் மாதிரி நீளமாக ஊற்றுவார், ஒரு சொட்டு சிந்தாது. விசாரணையை முடித்துக் கிளம்புகிறவர் ஒரு விரலைத் தூக்கித் திரும்புவார், இன்னும் ஒரே ஒரு கேள்வி என்பார். அந்தக் கேள்வியில்தான் ஆள் மாட்டுவான்.

இத்தனை சுற்றையும் பார்க்கத் தேவையில்லை. கூட்டாளி மாறும் இடங்கள்தான் படிக்கட்டுகள். முதல் கூட்டாளி கமேயாமா, பிறகு கன்பே, கை, கபுராகி என்று மாறி, 2022இல் 21ஆம் சுற்றில் கமேயாமாவே திரும்பி வந்தார். முதல் சுற்றில் சில அத்தியாயங்கள், பிறகு ஏதாவது ஒரு கூட்டாளி வரும் முதல் அத்தியாயம், பிறகு 21ஆம் சுற்றின் தொடக்கம் என்று தாவிப் பார்த்தாலும் கதை கைவிடாது.

அய்போவின் கிளைகளில் 2009இல் வந்த ‘தடயவியலாளர் யோனெசாவா மமோரு’ படத்தை மனதாரச் சொல்வேன். யோனெசாவா தொடரில் கைரேகையும் தூசியும் எடுத்துக்கொடுக்கிற ஆள். மனைவி ஓடிப்போய்விட்டாள் என்று அவ்வப்போது ஒரு வரி வரும், அவ்வளவுதான், பேச்சு வேறு பக்கம் போய்விடும். படம் அந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டது. காணாமல் போன மனைவியின் முகச்சாயலில் ஒரு பெண்ணின் பிணம் கிடைக்கிறது. பல வருடம் பார்த்தும் நாம் கேட்காமல் விட்ட ஒரு துக்கத்தைத் திறந்து காட்டியது அது.

மூலமே தேவையில்லாத கிளையும் உண்டு

என்எச்கே 2020 டிசம்பரில் தொடங்கிய ‘கிஷிபே ரோஹான்’, ஜோஜோ என்ற பெரிய மங்கா (ஜப்பானியப் படக்கதை) குடும்பத்தில் முளைத்த ஒரு கிளை. மூலம் எத்தனையோ தொகுதி. அவற்றில் ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் இதைப் பார்க்கலாம். தகாஹாஷி இஸ்ஸே நடிக்கும் மங்கா ஓவியர், மனிதர்களைப் புத்தகம் போலப் பிரித்து அவர்கள் நினைவைப் படிக்கக்கூடியவர். முகத்தின் தோல் தாள்தாளாக விரியும். திரைக்கதை எழுதிய கொபயாஷி யசுகோ, மூலத்தில் வரும் சண்டை விவகாரங்களை ஓரமாக வைத்துவிட்டு, அமானுஷ்யக் கதையாக மட்டும் கட்டினார். 2023இல் லூவர் அருங்காட்சியகத்தை வைத்து ஒரு படமும் வந்தது. மூலத்தைத் தெரியாதவரையும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகும் கிளை என்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

டிவி டோக்கியோவின் ‘கொதொகு நோ குருமே’யும் இந்த வரிசையில் சேரும். 2012இல் தொடங்கியது. மட்சுஷிகே யுதாகா, வேலை விஷயமாக ஊர் ஊராகப் போகும் வியாபாரி. வேலை முடியும், சட்டென்று நிற்பார், பசி. கேமரா மூன்று முறை வெட்டி வெட்டிப் பின்னால் போகும், பெரிய ஊருக்கு நடுவில் பசித்த ஒரு மனிதர் சின்னதாக நிற்பார். பிறகு ஒரு கடைக்குள் நுழைந்து தனியாகச் சாப்பிடுவார், அவ்வளவுதான் கதை. 2024 அக்டோபரில் வந்த கிளையில் அந்த வியாபாரிக்குப் பதில் வாரம் ஒருவர், வேறு வேறு வேலை பார்ப்பவர்கள், தனியாகச் சாப்பிடுகிறார்கள். நாயகனை நடுவிலிருந்து நகர்த்திவிட்டாலும் அந்தப் பசியும் நிம்மதியும் அப்படியே இருக்கின்றன. அதனால் அது உண்மையான கிளை.

பார்க்கும்போது காதைத் திறந்து வையுங்கள்

தமிழ் வசன வரிகள் அநேகமாகக் கிடைக்காது, ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டியிருக்கும். ஆனால் ஆங்கில வரிகளில் காணாமல் போவது நமக்குக் காதில் விழும். ஒருவர் இன்னொருவரை எப்படிக் கூப்பிடுகிறார் என்பதுதான் அது. ‘சான்’ மரியாதை, ‘குன்’ இளையவரிடமும் உடன் வேலை செய்யும் கீழ்நிலையாரிடமும். ஒட்டு எதுவுமில்லாமல் வெறும் பெயர் என்றால் நெருக்கம், அல்லது கோபம். நீங்கள், நீ, வா, வாங்க என்று பிரித்துப் பழகிய நமக்கு இது சட்டென்று பிடிபடும். உக்யோ கொலைகாரனிடமும் மரியாதை குறையாமல்தான் பேசுவார். அதனால் அவர் குரல் உயரும் அபூர்வமான தருணத்தில் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. குடும்பப்பெயரில் கூப்பிட்டுக்கொண்டிருந்த இருவர் ஏழாவது அத்தியாயத்தில் முதல் பெயருக்கு மாறினால், அங்கே என்னவோ நடந்துவிட்டது என்று புரிந்துகொள்ளுங்கள். மொழிமாற்றுக் குரலில் பார்த்தால் இதெல்லாம் போய்விடும், அசல் குரலிலேயே பாருங்கள்.

தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள், ஜப்பானியப் பெயர் ஒன்று, வெளிநாட்டுப் பெயர் ஒன்று. நெட்ஃப்ளிக்ஸ், விக்கி, பிரைம் வீடியோ மூன்றிலும் பாருங்கள். உரிமம் நாட்டுக்கு நாடு வேறுபடும், இன்று இருப்பது அடுத்த மாதம் இல்லாமல் போகலாம். ஜப்பான் சேனல்கள் சேர்ந்து 2015இல் தொடங்கிய டிவெர் என்ற இணையத் தளம் இலவசம்தான், ஆனால் ஜப்பானுக்குள் இருப்பவர்களுக்கு. திருட்டுத் தளங்களை நான் சொல்ல மாட்டேன். பார்க்கிறவர் எண்ணிக்கை தெரிந்தால்தான் பழைய தொடர்களை வெளியே கொண்டுவர யாராவது முன்வருவார்கள்.

கடைசியாக வரிசை. முதல் மாதம் மிட்நைட் டைனர், இரவுக்கு ஒன்று, சேர்த்துப் பார்க்க வேண்டாம். இரண்டாம் மாதம் அன்நேச்சுரல், பிறகு எம்ஐயு 404, அது முடிந்ததும் லாஸ்ட் மைல். மூன்றாம் மாதம், கிடைத்தால், 1997இன் ஒடோரு பதினோரு அத்தியாயமும். அதன் நீட்சியாக 2024இல் முரோயியை வைத்து இரண்டு படங்கள் வந்திருக்கின்றன. போலீஸை விட்டுவிட்டுச் சொந்த ஊரான அகிதாவின் பனிக்குத் திரும்பி, குற்றங்களால் குடும்பத்தை இழந்த பிள்ளைகளை வளர்க்கும் வயதான முரோயி. அந்த வாக்கு என்னவாயிற்று என்பதை அவர் சுமந்துகொண்டிருக்கிறார். அந்த இரண்டையும் தொடர் முடிந்த கையோடு பார்க்காதீர்கள். சில மாதம் போகட்டும். ஏதோ ஒரு நாள், புருவ மடிப்போடு நிற்கும் அந்த மனிதர் இப்போது எப்படி இருப்பார் என்று தானாக ஒரு நினைப்பு வரும். அன்றைக்குப் போடுங்கள்.